மருந்துக் கை

மச்சினன் புகழேந்தி வாசலை மறித்து நிற்கிறான். பைக் எஞ்சினின் வால்வு சத்தம் இன்றைக்கு நிற்காவிட்டால், கல்யாணத்துக்குத் தங்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்த அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவானாம். அவன் முறைக்கிற முறைப்பில் ஆறிக் கிடக்கும் எஞ்சினே மறுபடி கொதித்துவிடும். சங்கிலிமுத்து வால்வு இடைவெளியில் மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து, திருகைச் சரிபார்த்து, நட்டை முறுக்குகிறான். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் கை அது. இரும்போடு இரும்பு உரசினால் எம். புதுப்பட்டி ஊரே ஆகாயத்துக்குப் போய்விடும் என்று பயந்தே பழகிய கை. நட்டைப் பூவைப்போலத் தொட்டுவிட்டு விலகிக்கொள்கிறது. "என்ன மச்சான், நட்டுக்குத் தாலாட்டு பாடுறீகளா?" சங்கிலிமுத்து மூடியை மாட்டி, கிக்கரை உதைக்கிறான். எஞ்சின் பூனைபோல முனகுகிறது. புகழேந்தியின் மீசை முழங்கால்வரை தொங்குகிறது. மறுகணம் நட்டு தளர்ந்து டக் டக் டக்கென்று தொலைவிலுள்ள மல்லாங்கிணறு வரைக்கும் கேட்கிறது. "சாவியக் குடுங்க." நீட்டிய கையில் சங்கிலிமுத்து ஸ்பேனரை வைத்து அழுத்துகிறான். "நீயே முறுக்குலே. ஒரு வேலையும் தொடாத கைதான, பயம் இருக்காது."