பயிற்சிக் குழி

“காலை நல்லா உள்ள இழுத்துக்கோ. மூடப் போறேன்.”

வெண்டலின் சொன்னதும் ஆஃப்ரா பனிக்குழிக்குள் இன்னும் கொஞ்சம் சுருண்டு படுத்தாள். அண்ணன் முகத்தில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு இன்று திரும்பி வந்திருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

“சீக்கிரம் நாயை அவுத்து விடு அண்ணா. விறைச்சுக் கிடக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?”

“ஸெண்டா மோப்பம் பிடிச்சு வர்ற வரைக்கும் கிட. ஆமா, கழுத்துல இருக்கற சிக்னல் கருவியக் கழட்டிக் குடு. நீ புதைஞ்ச இடத்த அது காட்டறதப் பார்த்து நான் நாய்க்கு வழிகாட்டிட்டா அப்புறம் நாய் என்னத்தக் கத்துக்கும்?”

“நீ செஞ்சாலும் செய்வ. சின்ன வயசுல சீட்டாட்டத்துலயே திருடினவன்தானே நீ!” என்று சிரித்துக்கொண்டே அவள் கழற்றிக் கொடுத்தாள்.

கீழே ஊசியிலை மரத்தில் கட்டியிருந்த ஸெண்டா சிணுங்கியது. டிரோல் மலையில் பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தேடும் நாய்கள் இப்படித்தான் தயாராகின்றன. யாராவது ஒருவர் உயிரோடு பனிக்குள் படுத்தால்தான் அவை உயிரின் வாசனையைப் பழகும்.

பனிக்கட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. வெளிச்சம் நீலமாகி, பிறகு இல்லாமலே போனது. பூட்ஸ் காலால் மேலே மிதித்து இறுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ததில்லை.

ஆஃப்ரா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் போன மாதம் வந்து நின்றது.

அண்ணனும் தங்கையும் மலை வழிகாட்டிகள். அன்று காலை பனிச்சறுக்குக்காக இருவர் ஸ்கீ கட்டிக்கொண்டு அவர்களோடு வந்திருந்தார்கள். சரிவின் ஓரத்தில் ஆஃப்ரா பனியைத் தோண்டிப் பார்த்தாள். புதுப்பனிக்கு அடியில் சர்க்கரைபோல் உதிரும் ஒரு அடுக்கு இருந்தது. லேசாகத் தட்டியதும் மேல்பனி முழுப் பலகையாக வழுக்கிக்கொண்டு வந்தது.

“இன்னிக்கு இந்தச் சரிவு வேண்டாம் அண்ணா.”

“உனக்கு எப்பப் பாரு பயம். இவங்க இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்க” என்று அவன் அவர்களை இறக்கிவிட்டான். சரிவு முழுவதும் பெயர்ந்து போனது. இரண்டு பேரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

நாளை நீதிமன்றத்தில் விசாரணை. எச்சரித்தும் கேட்காமல் அனுப்பினான் என்று தெரிந்தால் அவனுக்குச் சிறை நிச்சயம். எச்சரிக்கையைச் சொன்னவளும் ஆஃப்ரா, அதற்கு ஒரே சாட்சியும் ஆஃப்ரா.

இன்று மேலே ஏறி வரும்போது அவன் கேட்டான். “நாளைக்கு என்ன சொல்லப் போற?”

“நடந்ததச் சொல்லுவேன்.”

அவன் நாயின் வாரைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான். பிறகு அவள் தொப்பியைச் செல்லமாக இழுத்துவிட்டு, “சரி, விடு. உன் மனசுக்குப் பட்டதச் சொல்லு” என்றான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூச்சின் ஈரம் முகத்தில் வழிந்தது. கையை நகர்த்திப் பார்த்தாள். கிளறிப் போட்ட பனி அதற்குள் கல்லாக இறுகிவிட்டது. இருட்டில் தனியாகக் கிடந்தால் மனம் எங்கெங்கோ போகும். அவள் மனம் அண்ணன் குழந்தைகளிடம் போனது, சிறைக் கதவுக்கு வெளியே அவை நிற்கும் காட்சியிடம் போனது.

செத்தவர்கள் எழுந்து வரப்போவதில்லை. இருப்பவனையாவது காப்பாற்ற வேண்டாமா?

அந்த நொடியில் அவள் முடிவு செய்துவிட்டாள். ‘நான் தோண்டிப் பார்க்கவே இல்லை, அண்ணனிடம் எதுவும் சொல்லவும் இல்லை. தப்பு என்னுடையது.’ நாளை இப்படித்தான் சொல்லப் போகிறாள். வேலை போகும், பேர் கெடும், ஊர் காறித் துப்பும். போகட்டும். இவன் கூடப் பிறந்தவன்.

முடிவு செய்ததும் பாரம் இறங்கி அழுகையே வந்துவிட்டது. இப்போதே அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. “அண்ணா!” என்று கத்தினாள். மேலே பேசுவது பனிக்குள் கேட்கும். உள்ளே கத்துவது மேலே கேட்காது. அது தெரிந்தும் கத்தினாள்.

மூச்சு கனக்கத் தொடங்கியது. நேரம் கொஞ்சம் அதிகமாகத்தான் ஆகிறதோ என்று தோன்றியபோது, தலைக்கு நேர் மேலே நகங்கள் பிறாண்டின. ஸெண்டாவேதான்! வெறி பிடித்ததுபோல் பறித்தது, இடைவிடாமல் குரைத்தது. பார், கண்டுபிடித்துவிட்டாள் என் செல்லம்!

பின்னாலேயே பூட்ஸ் சத்தம் வந்து நின்றது. ஆஃப்ரா இருட்டிலேயே சிரித்தாள். மண்வெட்டி உள்ளே வந்ததும் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று உதட்டில் தயாராக வைத்துக்கொண்டாள்.

மேலே அண்ணனின் குரல் நிதானமாகக் கேட்டது.

“வா ஸெண்டா, போலாம். அங்க யாரும் இல்ல.”