மேனோன் சாரின் சானிடைசர்

“சசாங்கா, நீ ஆக்கிப்போட்டதைத் தின்னுட்டுத்தான் பாதிக் காலனி படுத்துக் கிடக்கு. எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு வீடியோ போடு. இல்லேன்னா உன் பேரை எழுதி கேட்ல மாட்டிடுவேன்!”

எங்கள் காலனிச் செயலாளர் பிரபாகர மேனோன் கர்ஜித்தார்.

திருச்சூரில் எங்கள் காலனியின் ஓணச் சாப்பாடு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவசரக் கூட்டம். வந்தவர்களில் பலர் வயிற்றைப் பிடித்தபடி கதவோரமாகவே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து ஓட வசதியாக இருக்கும் அல்லவா?

சமையற்காரர் சசாங்கன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“சாரே, இப்பதான் கல்யாண சீசன். அந்த வீடியோவைப் பார்த்தா எவன் என்னைக் கூப்பிடுவான்? விஷயம் கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்காரர் இப்பவே வேண்டாம்னுட்டார். என் ஆளுங்களும் அதே சோறு, அதே சாம்பார்தான் சாப்பிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே!”

“உங்க வயிறெல்லாம் கருங்கல்லுய்யா. அதையும் எங்க வயித்தையும் ஒண்ணாச் சேர்க்காதே.”

கூட்டம் தலையாட்டியது. எங்கள் காலனிக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

இந்த ஓணத்துக்கு மேனோன் சார் செய்த ஏற்பாடே தனி. பந்தலை ஒட்டியிருந்த கை கழுவும் குழாயை மூடிவிட்டார். தரை சேறாகிறதாம். அதற்குப் பதில் பந்தல் வாசலில் ஒரு சானிடைசர், மேஜைக்கு ஒன்று, அவர் ஜிப்பாப் பையில் ஒன்று. யாராவது சோப்பு எங்கே என்று கேட்டால் காட்டுமிராண்டியைப் பார்ப்பது போல் பார்த்தார். முதல் பந்திக்கு உப்பேரி என்கிற நேந்திரங்காய்ச் சிப்ஸும் வெல்லம் புரட்டிய சர்க்கரை வரட்டியும் செயலாளர் கையால் பரிமாறுவது எங்கள் வழக்கம். அந்தப் பெருமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அன்றும் “தொண்ணூத்தொம்பது சதவீதம் கிருமி காலி!” என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டே போனார்.

“உன் ஆளுங்கள்ல ஒருத்தனாவது நான் வெச்ச சானிடைசரைத் தொட்டானா? சொல்லுய்யா!”

“எண்ணெயும் தேங்காயுமா இருக்கிற கையில அது எங்கே சாரே பிடிக்கும்? கிணத்தடியில சோப்புப் போட்டுத்தான் கழுவினோம்.”

“கேட்டீங்களா? சோப்பாம்! பத்துப் பேர் தொட்ட கட்டி!”

எல்லோரும் சிரித்தோம். வயிறு வலித்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பின் வரிசையில் இருந்த ஷைனி மட்டும் சிரிக்கவில்லை. “என் சின்னவளுக்கு ட்ரிப் ஏத்தி நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு வயசுக் குழந்தை. யாரு எனக்குப் பதில் சொல்றது?”

சசாங்கனுக்கு முகம் விழுந்துவிட்டது.

“குழந்தைக்கா? எனக்குத் தெரியாது மோளே.” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி சாரே. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு புரியலை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டுடறேன். எடுத்துக்குங்க.”

மேனோன் சார் வெற்றிப் புன்னகையோடு செல்போனைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் சரியில்லை என்று அந்த மனிதரை ஜன்னல் பக்கம் தள்ளி நிற்கவேறு சொன்னார்.

அப்போதுதான் அவர் மனைவி வத்சலா ஃபிளாஸ்கோடு உள்ளே வந்தார்.

“முதல்ல இந்தக் கஞ்சித் தண்ணியைக் குடிங்க. காலையிலேருந்து வெறும் வயித்தோட கத்திக்கிட்டு!”

கதவோரம் உட்கார்ந்திருந்த ஜோஸ் உச்சுக்கொட்டினார். “அய்யோ, சாருக்குமா வயிறு கெட்டிருக்கு? பாருங்க சேச்சி, இந்த சசாங்கன் பண்ணின வேலையை!”

“வத்சலா, நீ வீட்டுக்குப் போ,” என்றார் மேனோன் சார் அவசரமாக.

“நான் ஏன் போகணும்? சொல்லிட்டுத்தான் போவேன்,” என்று வத்சலா எங்கள் பக்கம் திரும்பினார். “சேட்டனுக்கு ஓணத்துக்கு முந்தின நாளே வயித்தால போக ஆரம்பிச்சாச்சு. வேற ஆளா இருந்தா இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்திருப்பாங்க. இவரு, பந்தி நடுவுல நாலு வாட்டி கக்கூஸுக்கு ஓடி, சோப்புப் போடக்கூட நிக்காம, சானிடைசரைத் தேய்ச்சுக்கிட்டே திரும்பி வந்து, உங்க ஒவ்வொருத்தர் இலையிலயும் தன் கையாலேயே உப்பேரி வெச்சார். அதுக்கு நன்றி சொல்லணும்னு உங்கள்ல ஒருத்தருக்காவது தோணிச்சா?”