சாமியிடம் ஒரு வார்த்தை

"வழியில அப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு மதினி பதில் சொல்றது?"

ஆட்டோவை மறித்துக்கொண்டு நின்றாள் முத்துப்பேச்சி. உள்ளே அவளுடைய அப்பா சடையாண்டி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயசு. இரண்டு பாதமும் வீங்கிப்போய், செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு இருந்தார்.

"நான் சொல்லிக்கிறேன். நகரு" என்றாள் ரீனா, அந்த வீட்டு மருமகள்.

"பெத்த மக நான் இருக்கேன். நீ என்ன சொல்றது?"

"பத்து நாளாத்தான் வந்து இருக்க. ஒரு மாத்திரை அவரு வாய்க்குள்ள போச்சா?"

முத்துப்பேச்சி ஆட்டோக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சடையாண்டிக்கு இதயம் பலவீனம். திண்டுக்கல் டாக்டர் நாலு வகை மாத்திரை கொடுத்திருந்தார். ஒழுங்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். போன மாசம் அருள்வெளி சாமி சித்தையன்கோட்டைக்கு வந்து சத்சங்கம் நடத்தினார். "மாத்திரை உடம்பை ஏமாற்றும், நம்பிக்கை ஏமாற்றாது" என்று பேசிவிட்டுப் போனார். அன்றோடு சரி. கஞ்சியில் கரைத்துக் கொடுத்தாலும் நாக்கால் கண்டுபிடித்துத் துப்பினார் மனுஷன்.

"இப்படியே விட்டா பதினைஞ்சு நாள் தாங்குறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லி நாலு நாள் ஆகிறது.

"சாமிய இன்னொரு தரம் பாத்துட்டா வீக்கம் வடிஞ்சிரும் தாயி" என்று நேற்று மருமகளிடம் சொன்னார் சடையாண்டி.

"சரி மாமா, போவோம்" என்று ரீனா உடனே சொன்னதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. திருப்பூரில் இருக்கும் புருஷன்கூட போனில் கத்தினான்.

"ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போறவ நீ" என்றாள் முத்துப்பேச்சி. "எங்க குலசாமிக்கு ஒரு தேங்கா ஒடைச்சதில்ல. இப்ப என்ன திடீர்னு சாமியாரு மேல பக்தி? கெழவன் வழியிலயே போய்ச் சேரட்டும்னா?"

ரீனாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.

"எடுங்கண்ணே."

"இரு, நானும் வாரேன். நீ என்ன பண்றேன்னு பாக்கணும்" என்று முத்துப்பேச்சியும் ஏறிக்கொண்டாள்.

சாமி வந்திருந்த கொடைரோட்டுக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மஞ்சள் துண்டு போட்ட தொண்டர் ஒருவர் வாசலில் நிறுத்தினார்.

"பேரும்மா?"

"ரீனா."

"நெத்தி வெறுமையா இருக்கே. நீங்க..."

"அந்தோணியார் கோயிலுக்குப் போறவதான். தரிசனம் எனக்கில்ல, இவருக்கு. இவரு பேரு சடையாண்டி, போதுமா? நான் தாங்கிப் பிடிக்க வந்தவ."

அவர் வேறு கேள்வி யோசிப்பதற்குள் ரீனா மாமனாரின் இடுப்பில் கை கொடுத்து நடத்தத் தொடங்கிவிட்டாள். நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு விட்டார். மேடைப் படியில் தூக்காத குறைதான்.

சாமியைப் பார்த்ததும் சடையாண்டிக்குக் கண் கலங்கியது. கையைக் கூப்பினார்.

"உங்க பேச்சைத் தட்டல சாமி. அன்னையிலேருந்து ஒரு மாத்திரை தொடல."

கூட்டம் கை தட்டியது. சாமி புன்னகையோடு கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

ரீனா பையைத் திறந்தாள். மாத்திரை அட்டைகளை எடுத்து, நாலு மாத்திரைகளைப் பிதுக்கி, சாமி முன்னாலிருந்த பிரசாதத் தட்டில் போட்டாள்.

"ஏம்மா, என்ன பண்ற?" தொண்டர் ஓடி வந்தார்.

"சாமி கையால குடுத்தா மாமா முழுங்குவாரு. வேற யாரு குடுத்தாலும் துப்புறாரு."

"சாமி இங்கிலீஷ் மருந்தைத் தொடமாட்டாரு. கீழ எறங்கு!"

"எறங்கமாட்டேன். வேண்டாம்னு சொன்ன வாயால வேணும்னு சொல்லட்டும். அதுக்குத்தான் இம்புட்டு தூரம் இவரை இழுத்துட்டு வந்தேன்."

இன்னும் இரண்டு பேர் வந்து ரீனாவைச் சூழ்ந்தார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்தார்.

"எங்க மதினி மேல இருந்து கையை எடுய்யா!"

முத்துப்பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறி வந்து பக்கத்தில் நின்றாள். பிடித்த கை தானாக விலகியது.

சாமி சடையாண்டியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கத்தை ஒரு விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, ரொம்ப நேரம் மேலே எழும்பவில்லை.

பிறகு தட்டிலிருந்த நாலு மாத்திரைகளையும் எடுத்துப் பெரியவர் உள்ளங்கையில் வைத்துத் தீர்த்தம் ஊற்றினார்.

"போட்டுக்கங்க பெரியவரே. தினமும் போடுங்க. நான் சொல்றேன்."

சடையாண்டி கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே வாயில் முழுங்கினார்.

சாமி மைக்கை ஒதுக்கிவிட்டு, பெரியவர் காதருகே குனிந்தார்.

"இதுல அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைய மட்டும் சாயங்காலம் போட்டுறாதீங்க. ராத்திரி பூரா ஒண்ணுக்குப் போய் மாளாது. நான் எப்பவும் காலையிலயே போட்டுருவேன்."

பக்கத்திலேயே நின்று கேட்ட ரீனா, சாமி ஒதுக்கி வைத்த மைக்கை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இப்ப சொன்னதை இதுல சொல்லுங்க சாமி. மாத்திரைய நிறுத்திட்டு வந்தவங்க கீழ இன்னும் நெறையப் பேரு உக்காந்திருக்காங்க."