பறக்கும் தட்டுக் கழகத்தின் தலைவர்

“இப்பவே போய்ச் சொல்லிப்போடுங்கோ. கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால தெரியவந்தால் அந்த மனுசன்ர நெஞ்சு தாங்காது,” என்றார் யோகராஜாவின் மனைவி கஜலக்சுமி, சூடான ரோல்ஸைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே.

“என்னெண்டு சொல்லுறது? ‘ரூடி, நீங்கள் முப்பது வருசமாத் தேடுற பறக்கும் தட்டு நான்தான்’ எண்டோ?”

“நீங்கள் இல்லை, உங்கட பட்டம். அதையும் விளக்கமாச் சொல்லுங்கோ.”

அவர் கோட்டை மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டுக் கழற்றி மறுபடி போட்டார்.

முப்பது வருடத்துக்கு முந்திய தைப்பொங்கல் அது. சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனுக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அகதி முகாமில் யோகராஜாவுக்குச் செய்ய வேலை இல்லை. செய்ய அனுமதியும் இல்லை. ஆகவே ஆள் உயரத்துக்கு ஒரு பட்டம் கட்டினார். உச்சியில் காற்றில் இரைவதற்கு விண் என்ற நாண் வில்லைப் பூட்டி, வாலில் பற்றரி பல்புகள் கோத்து, இருட்டத் தொடங்கியதும் ஏற்றினார்.

யாழ்ப்பாணத்தில் என்றால், பார்ப்பவர்கள் “ஆரின்ர பட்டம்?” என்று கேட்பதோடு விஷயம் முடிந்திருக்கும். இங்கே மூடுபனிக்குள் ஏதோ ஒன்று வெளிச்சத்தோடு ‘ங்கொய்ய்’ என்று இரைவதை இரண்டு விவசாயிகள், ஒரு பல் வைத்தியர், ஒரு தபால்காரி ஆகியோர் பார்த்துவிட்டு, தனித்தனியாகப் பொலிசுக்கு ஃபோன் செய்தார்கள்.

பக்கத்தில் ராணுவ விமானத் தளம். மறுநாளே விசாரணை தொடங்கியது. அந்த வாரமே கோப்பை மூடி, ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தி, முப்பது வருடத்துக்குப் பூட்டினார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் ஊர் மறந்திருக்கும். அரசாங்கம் வாயைத் திறக்காததால், உள்ளே குறைந்தது இரண்டு பச்சை மனிதர்களாவது இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. பறக்கும் தட்டு ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. தலைவர், பள்ளி ஆசிரியர் ரூடி அபெக்லன்.

பாடம் நடத்துவார், ஊரின் மற்ற ஆண்களைப் போல வருடத்தில் மூன்று வாரம் ராணுவச் சேவைக்குப் போய்வருவார், மிச்ச நேரமெல்லாம் வானம். கழகத்தின் தொலைநோக்கிகளை ஏரிப் பக்கமாகத்தான் வைப்பார். முகாம் இருந்த மலைப் பக்கத்தை மரம் மறைக்கிறதாம்.

அந்த வாரம் முகாமுக்கு வந்து, “வானத்தில் எதையாவது பார்த்தீர்களா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டவரும் அவர்தான். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் யோகராஜா, தனக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கமே இல்லை என்று சொன்னார். ரூடி தலையாட்டினார். யோகராஜாவின் விரலில் இருந்த காயத்துக்கு மறுநாள் மருந்து கொண்டுவந்து கொடுத்தார். காயம் எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜெர்மன் பாடம், விண்ணப்பப் படிவம், ஹோட்டல் சமையலறையில் வேலை, மகள் யதுஷாவின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் ரூடிதான். பதிலுக்கு யோகராஜா, கழகத்தின் ஆண்டுக் கூட்டங்களுக்கு ரோல்ஸ் கொடுத்தார். சாதாரண வருடங்களில் மீன். மனச்சாட்சி கூடுதலாகக் குத்திய வருடங்களில் மட்டன்.

இன்று கோப்பின் பிரதி வந்திருந்தது. ஆறு மணிக் கூட்டத்தில் அதைப் பிரித்து வாசிப்பார்கள்.

ஐந்தரைக்கு யோகராஜா போனபோது ரூடி தனியாகக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது.

“வா, யோகா! மட்டனா, மீனா?” பெயரில் இருந்த ராஜாவை அவர் முப்பது வருடத்துக்கு முன்பே கைவிட்டிருந்தார்.

“ரெண்டும்.”

“ரெண்டுமா? என்ன நடந்தது?”

“முதல்ல இருங்கோ, ரூடி.”

ரூடி உட்கார்ந்தார். அவர் முன்னால் இன்னும் பிரிக்காத பழுப்பு நிற உறை கிடந்தது.

யோகராஜா ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னார். பட்டத்துக்கு அந்த மொழியில் சொல் தெரியும்; விண்ணுக்குத் தெரியாது. ஆகவே வாயாலேயே இரைந்து காட்டினார். “ங்கொய்ய்ய்ய்...”

ரூடி கண்ணை மூடிக் கேட்டார். “அதே சத்தம்,” என்றார் மெல்ல.

“பிழை என்னிலதான். உங்கட முப்பது வருசத்தையும் வீணாக்கிப்போட்டன். என்னோட இனிக் கதைக்கமாட்டியளோ?” என்றார் யோகராஜா.

ரூடி உறையை அவர் பக்கம் தள்ளினார். “கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். நீயே வாசி.”

உள்ளே ஒரே ஒரு தாள்.

‘பறந்த பொருள்: பட்டம். ஏற்றியவர்: முகாமில் இருக்கும் இளைஞர் ஒருவர், விரல்களில் நூல் அறுத்த காயம். ஆபத்து இல்லை. பெயர் தெரிந்தால் அவருடைய அகதி விண்ணப்பம் பாதிக்கப்படலாம் என்பதால் அதை எழுதவில்லை. கோப்பை ரகசியமாக மூடும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

கீழே கையெழுத்து: ‘கப்டன் ரூடி அபெக்லன், விசாரணை அதிகாரி.’

யோகராஜா அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தார்.

“அப்ப... உங்களுக்கு எல்லாம் தெரியும். பிறகு ஏன் இந்தக் கழகம், தொலைநோக்கி, வருசா வருசம் கூட்டம்?”

வாசலில் பல் வைத்தியர் சப்பாத்துப் பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. ரூடி தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு மட்டன் ரோலை எடுத்துக்கொண்டார்.

“நான் தேடாமல் விட்டிருந்தால், யோகா, வேறு யாராவது உண்மையாகவே தேடியிருப்பார்கள்.”