முப்பத்தொரு சேலை

"இது வேண்டாம் அண்ணாச்சி. அந்த மயில்கழுத்துக் கலரை எடுங்க."

சுயம்பு எடுத்து விரித்தான். இது பதினெட்டாவது சேலை.

மாட்டுங்காவில் இந்த ஜவுளிக்கடைக்கு வந்து நாலு வருஷமாகிறது. இப்படி ஒரு பிடுங்கலை அவன் பார்த்ததே இல்லை. மெத்தையில் அவனுக்கு எதிரே அந்த அம்மாள் சம்மணம் போட்டுக்கொண்டு முந்தியைத் தடவுகிறாள், கரையை இழுத்துப் பார்க்கிறாள், உதட்டைப் பிதுக்குகிறாள்.

கல்லாவிலிருந்து முதலாளி பெரியநாயகம் முறைத்தார். நேற்றே சொல்லிவிட்டார். "ஏலே, இனி ஒரு ஆள் வெறுங்கையோட போச்சு, நீயும் ஊருக்கு ரயிலேறிர வேண்டியதுதான்."

அந்தக் கவலை போதாதென்று இன்னொன்று. காலையில் தாதரில் டிராமிலிருந்து குதித்ததில் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் இன்றே சீட்டைக் கிழித்துவிடுவார். வேட்டியை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு, வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் இவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, ஜல்தி ஒண்ணை எடுத்துருங்க" என்று கெஞ்சினான்.

"அவசரப்படுத்தாதிய. மவ கல்யாணத்துக்கு. தாராவிப் பேராச்சியை ஒருத்தனும் ஏமாத்த முடியாது. அந்தக் கட்டையும் பிரிங்க."

இருபத்தைந்து. முப்பது. கடிகாரம் இரண்டைத் தாண்டியது. சுயம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் எடுக்காமல் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது?

முப்பத்தொன்றாவதையும் ஒதுக்கிவிட்டு அவள் சொன்னாள்: "மொதல்ல ஒரு அரக்குச் சேலை காட்டுனியளே, அதையே கட்டுங்க."

"அதை அப்பமே எடுத்திருக்கலாம்லா எக்கா? எதுக்கு ரெண்டு மணி நேரம்?" வாய்விட்டே கேட்டுவிட்டான்.

பேராச்சி கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வாசல்ல ஒத்தக் காலை ஊணி நின்னுக்கிட்டிருந்திய. சேலை காட்டும்போது மட்டுந்தான உங்களை இங்க உக்கார விடுவாவ?"

சுயம்பு சட்டென்று வேட்டி நுனியைக் கீழே இழுத்தான்.

பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு அவள் எழுந்தாள்.

"நாளைக்கு என் நாத்தனாளை அனுப்புதேன் அண்ணாச்சி. அவளுக்கும் லேசுல ஒண்ணும் பிடிக்காது."