பஞ்சப் பாடத்தில் செத்தவள்

இப்போது வாத்தியார்களுக்கு வாய் வலிக்கிறது. புத்தகத்தை ஒழித்துவிட்டுப் பகடை உருட்டிப் பாடம் நடத்துகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை விழுந்தபடி பிழைக்க வேண்டும். பஞ்சப் பாடத்தில் என் பேத்தி ஆதிரை செத்துவிட்டாளாம். அன்றிலிருந்து பள்ளியில் யாரும் அவளோடு பேசுவதில்லை.

நேரே வகுப்புக்கே போனேன்.

"செத்தவங்க பேசக் கூடாதுங்க ஐயா, அதான் விதி," என்றாள் டீச்சர். "ஜூன்ல பள்ளி திறந்ததும் மறுபடி பிறந்துடுவா."

"குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு பிள்ள. யாரச் செத்துட்டாங்கிற?"

ஆதிரைக்குப் பக்கத்தில் இருந்த சிறுமி பதறினாள். "தாத்தா, அவகிட்ட பேசினா நீங்களும் செத்துடுவீங்க!"

"செத்துட்டுப் போறேன் போடி." ஆதிரையின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். "பசிக்குதா கண்ணு?"

கேட்டைத் தாண்டிய பிறகும் அவள், பதில் சொல்லலாமா என்று வகுப்பு வாசலில் நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

இதற்குப் பேர் படிப்பாம். காறித் துப்பிவிட்டு நடந்தேன்.