முன்வரிசையில் ஒரு முகம்

“போன மாசம்தான் என் வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாரு, தம்பி. தலைவர் கூட்டத்துக்குன்னே வந்தாரு” என்றாள் ஜிஃபா. சொல்லிவிட்டு, வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்திருந்த அமூசுவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

விருந்தாளிக்கென்று அவள் முதலில் நீட்டிய தண்ணீரைக்கூடச் செலோம் இன்னும் குடித்து முடிக்கவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் எடுத்திருந்தது ஐம்பது நிமிட ஆவணப்படம். போன மாதக் கூட்டத்தில் மைதானம் நிரம்பி வழிந்ததாக அரசுத் தொலைக்காட்சி காட்டிய காட்சி, உண்மையில் மூன்று வருஷத்துக்கு முந்தைய கூட்டத்தில் எடுத்தது என்று அதில் சொல்லியிருந்தான். படத்தை நாலு இடத்தில் போட்டுக் காட்டியதும், பொய்ச் செய்தி பரப்பினான் என்று வழக்கு வந்தது. திங்கட்கிழமைக்குள் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருஷம் உள்ளே.

பழைய கூட்டத்தின் பதிவு தொலைக்காட்சி நிலையத்துப் பூட்டுக்குள் இருந்தது. ஜனங்கள் போட்டிருந்த உடுப்பை வைத்துச் சொல்லலாமென்றால், தலைவர் முகம் அச்சடித்த அதே துணியைத்தான் கட்சி இரண்டு தடவையும் கொடுத்திருந்தது. கடைசியில் காட்சியைப் பெரிதாக்கி, முகம் முகமாகத் தேடி, முன்வரிசையில் கையை உயர்த்திக் கத்தும் ஒருவனைக் கண்டுபிடித்தான். மோட்டார்சைக்கிளில் சவாரி ஏற்றிப் பிழைத்த மாவுலி.

“அவனா? அவன் வெளிநாட்டுக்கு, லிப்ரவில்லுக்கு வேலைக்குப் போயி மூணு வருஷமாச்சே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கல, படுபாவி” என்றார்கள் மோட்டார்சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தவர்கள்.

செலோம் துள்ளிக் குதிக்காத குறை. மூன்று வருஷமாக ஊரிலேயே இல்லாதவன் போன மாதக் கூட்டத்தில் எப்படி இருப்பான்? அதை அவன் மனைவி கேமரா முன்னால் சொன்னால் போதும் என்று ஓடி வந்தான்.

அந்த மனைவிதான் இப்போது இப்படிச் சொல்கிறாள்.

“நிஜமாவாக்கா? எத்தனை நாள் இருந்தாரு?”

“ரெண்டு நாள்.”

“மூணு நாள்” என்று வாசலிலிருந்து திருத்தினார் அமூசு. அந்த வட்டாரக் கட்சிச் செயலாளர். யாரும் கூப்பிடாமலே செலோமின் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டவர். “புருஷன் இருந்த நாள் பொண்டாட்டிக்குக் கம்மியாத்தான் தெரியும்!” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

ஜிஃபா சிரிக்கவில்லை. “ஆமா, மூணு நாள்” என்றாள்.

முற்றத்து மூலையில் மாவுலியின் மோட்டார்சைக்கிள் நின்றது. அதன் இருக்கையில் ஒரு கோழி படுத்திருந்தது. லிப்ரவில் போகிறவர்கள் வழிச்செலவுக்கு முதலில் வண்டியைத்தான் விற்பார்கள். இவன் கொஞ்சம் வசதிக்காரன் போலிருக்கிறது என்று செலோம் நினைத்துக்கொண்டான்.

“அக்கா, யாருக்காவது பயந்துக்கிட்டு சொல்றீங்களா?”

“அவளுக்கென்னய்யா பயம்?” என்று அமூசு முந்திக்கொண்டார். “சந்தையில கஞ்சி விக்கிறா. நல்ல நிழலான இடம். மூணு வருஷம் முன்னாடி யாரு கொடுத்தது? கட்சி. கேட்டுப் பாரு.”

செலோமுக்கு வெட்கமாக இருந்தது. தான் தப்பிக்க இவளை மாட்டிவிடப் பார்க்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. காட்சியை அவளுக்குப் போட்டுக் காட்டிய மடிக்கணினியை மூடப் போனான்.

“மூடாத தம்பி. இன்னொரு தடவை போடு.”

போட்டான். கொடிகள், பாட்டு, மாவுலியின் உயர்ந்த கை. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். நான்காவது தடவை ஓடும்போது அவள் உதடுகளும் மாவுலியோடு சேர்ந்து அசைந்தன.

அமூசு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “எவ்வளவு சந்தோஷமாக் கத்துறான் பாரு! போன மாசம் நான் இவன் பக்கத்துலதானே நின்னேன். என் காதே கிழிஞ்சுபோச்சு. தம்பிகிட்ட ஒரு படம் வாங்கிச் சுவத்துல மாட்டிவை.”

ஜிஃபா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“தம்பி, படத்த அப்படியே நிறுத்து. கேமராவைப் போடு.”

“அதான் எல்லாம் சொல்லிட்டியே, கேமரா எதுக்கு?” என்றார் அமூசு.

“சட்டையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்.”

செலோம் கேமராவை இயக்கினான். அவள் திரையில் மாவுலியின் நெஞ்சில் விரலை வைத்தாள்.

“பாக்கெட்ல தலைவர் தலைகீழா இருக்காரு பாருங்க. துணி பத்தல. நான்தான் அப்படி ஒட்டுப்போட்டுத் தைச்சேன். இந்த ஊர்ல வேற யாருகிட்டயும் இப்படி ஒரு சட்டை கிடையாது.”

அமூசு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

“ஏய், போதும். தம்பி, அதை அணை. அணைங்கிறேன்ல!”

செலோம் அணைக்கவில்லை. ஜிஃபாவும் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“இவரு லிப்ரவில்லுக்கே போகல. மூணு வருஷம் முன்னாடி, கூட்டம் முடிஞ்ச ராத்திரியே, கட்சி ஆளுங்க என்னை வச்சு இதே சட்டையோட இவரப் பொதைக்க வச்சாங்க.”